சாங்தாங் துறவியும் லடாக் நெடுந்தூரப் பந்தயங்களும்

லடாக்கில் இன்று நடக்கும் நெடுந்தூர ஓட்டப் பந்தயங்களுக்கு முன்னோடிகள் திபெத்தின் லுங்கோம்பா துறவிகளே என்பது ஓட்டக்காரர்களிடையே பரவலாக வழங்கும் கருத்து. ஆண்டுக்கணக்கில் இருட்டறையில் மூச்சை அடக்கிப் பழகியவர்கள், மயக்க நிலையில், இரவும் பகலும் நில்லாமல், நிலத்தில் கால் பாவாதவர்போல் பனிமேட்டு வெளியைக் கடந்தார்கள் என்பது அதன் சாரம். இக்கருத்துக்கு முதன்மை மூலம் ஒரு நூல்: பிரெஞ்சுப் பயணியான அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல் 1929இல் திபெத்தின் மறைஞானிகளைப் பற்றி வெளியிட்ட நூல். வடபுலக் குளிரிலும் காற்றுக் குறைவிலும் நெடுந்தூரம் ஓடும் பயிற்சி எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்வோர் அந்நூலைத் தவிர்க்க முடியாது. ஆனால் அந்நூல் தரும் சான்று அவர் எடுத்த முடிவுக்குத் துணை நிற்கவில்லை.

டேவிட்-நீல் தமிழகத்துக்குப் புதியவர் அல்லர். 1911இல் அடையாறு பிரம்மஞான சபையில் தங்கினார். அதே ஆண்டு புதுச்சேரியில் அரவிந்தரைச் சந்தித்தார். பிறகு சிக்கிம் வழியாகத் திபெத்துக்குள் நுழைந்து, 1924இல் மாறுவேடத்தில் லாசாவை அடைந்தார். அவரது நேர்மையை ஐயுறக் காரணம் இல்லை. ஐயம் அவர் கண்டதைப் பற்றியது அன்று. கண்டதற்கு அவர் சொன்ன விளக்கத்தைப் பற்றியது.

அவர் கண்டது இது. வட திபெத்தின் சாங்தாங் மேட்டுநிலத்தில் ஒரு பிற்பகலின் இறுதியில், வளர்ப்பு மகன் யோங்டெனுடனும் பணியாட்களுடனும் குதிரையில் போய்க்கொண்டிருந்தபோது, தொலைவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் ஒரு மனிதன். அசாதாரண வேகத்தில் வருகிறான். நெருங்கியதும், பார்வை வானத்தில் எங்கோ நிலைகுத்தியிருப்பதும், கையில் புர்பா எனும் மந்திரக் குத்துவாள் இருப்பதும், காலடிகள் ஊசல்போல் ஒரே சீராக விழுவதும் புலப்பட்டன. நிறுத்திப் பேசினால் அவன் இறந்துவிடுவான் என்று பணியாட்கள் தடுத்தார்கள். குதிரையில் ஏறத்தாழ இரண்டு மைல் பின்தொடர்ந்தார்கள். பிறகு அவன் வழியைவிட்டு விலகிச் செங்குத்தான சரிவில் ஏறி மறைந்தான். நூலில் இந்நிகழ்ச்சிக்கு நாள் தரப்படவில்லை. 1910களின் பிற்பகுதியாகவோ 1920களின் தொடக்கமாகவோ இருக்கலாம்; அதற்கு மேல் குறுக்க இயலவில்லை.

வாசகர்கள் பொதுவாக இந்தக் காட்சியோடு நின்றுவிடுகிறார்கள். ஆய்வுக்கு முக்கியமானது இதன் பின்வரும் பத்தி. நான்கு நாள் கழித்து ஒரு காலையில் டேவிட்-நீலின் குழு டோக்பா மேய்ப்பர்களின் கூடாரங்களை அடைந்தது. துறவியைச் சந்தித்த நாளுக்கு முந்தைய அந்தியில், மந்தையை ஓட்டிச் சேர்க்கும் வேளையில், ஒரு வழிப்போக்கனைக் கண்டதாக மேய்ப்பர்கள் சிலர் சொன்னார்கள். இதைக் கொண்டு அவர் ஒரு கணக்குப் போட்டார்: அந்த மனிதன் இரவு முழுதும், மறுநாள் முழுதும், தாம் கண்ட அதே வேகத்தில் நிற்காமல் வந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்கலாம். பிற்பகல் இறுதியில் சந்திப்பு. நான்காம் நாள் காலையில் கூடாரம். இடையில் முழுப் பயண நாள் மூன்று, மேலும் சிறிது. சுமை விலங்குகளுடன் சாங்தாங்கில் செல்லும் குழு நாளுக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் கடக்கும் எனக் கொண்டால், மொத்தத் தொலைவு 60 முதல் 105 கிலோமீட்டர். துறவிக்குக் கிடைத்த நேரம் ஓர் அந்தியிலிருந்து மறுநாள் பிற்பகல் இறுதிவரை, அதாவது ஏறத்தாழ 22 மணி. சராசரி மணிக்கு மூன்று கிலோமீட்டரிலிருந்து ஐந்துக்குள் அடங்குகிறது. அது நடை வேகம். குழு நாளுக்கு 40 கிலோமீட்டர் சென்றதாகத் தாராளமாக வைத்தாலும் ஆறரை கிலோமீட்டரைத் தாண்டாது. குதிரையாட்கள் வியந்து பார்க்கும் வேகத்தில் அவன் 22 மணி நேரமும் வந்திருந்தால், தொலைவு இருநூறு கிலோமீட்டரை நெருங்கியிருக்க வேண்டும். நான்கு நாள் பயணத்தில் அக்குழு அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது. எனவே அவன் வழியில் இளைப்பாறியிருக்க வேண்டும், அல்லது பெரும்பகுதியை நடந்தே கடந்திருக்க வேண்டும். மேய்ப்பர்கள் கண்ட வழிப்போக்கன் வேறொருவனாக இருந்தால் கணக்கே எழவில்லை. இம்மூன்றில் எது சரி என்று தீர்மானிக்கச் சான்று இல்லை. எதைக் கொண்டாலும் மயக்க நிலை என்ற விளக்கம் தேவைப்படவில்லை என்பது மட்டும் உறுதி.

டேவிட்-நீலே இதற்கு இடம் கொடுக்கிறார். இருபத்து நான்கு மணி நேரம் தொடர்ந்து நடப்பது திபெத்திய மலைவாசிகளுக்குப் பெரிய சாதனை அன்று என்கிறார். லாசாவுக்குச் சென்ற வழியில் தாமும் யோங்டெனும் முழங்கால் பனியில் கணவாய் கடந்து, 19 மணி நேரம் நில்லாமல் நடந்ததுண்டு என்றும் எழுதுகிறார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. லுங்கோம் பயிற்சி பெறாத ஒரு பெண்மணிக்கு இயன்றது, மலையில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு மந்திரத்தால்தான் இயன்றது என்பது வலிந்த வாதம். இப்பயிற்சி குறுகிய வேகத்துக்கானது அன்று, நெடுநேரத் தாங்குதிறனுக்கானது என்று அவரே பிரித்துச் சொன்னதும் கவனத்துக்குரியது. அந்தப் பிரிப்பு சரியானது. அவருடைய விளக்கம்தான் அதை மறந்துவிட்டது.

பயிற்சி பற்றி அவர் கேட்டு எழுதியவை இன்னும் மெலிந்த சான்று. மெத்தைமேல் சம்மணமிட்டு அமர்ந்தபடி, கையூன்றாமல், மூச்சை நிரப்பி எம்ப வேண்டும். தேர்வுக்கு ஆள் உயரக் குழி. அதன்மேல் அதே உயரத்துக்கு எழுப்பிய மூடுகூரை. உச்சியில் சிறு துளை. குழியில் சம்மணமிட்டு அமர்ந்தவன் ஒரே எம்பில் துளை வழியே வெளிவர வேண்டும். டேவிட்-நீல் இந்தத் தேர்வை நேரில் பார்க்கவில்லை. செவிவழியாகவே பதிவு செய்தார். தமிழ்ச் சித்தர் மரபின் வாசியோகத்தைப் போலவே இங்கும் மூச்சுப்பயிற்சியின் நோக்கம் வேறு, அதைச் சுற்றி வளர்ந்த அற்புதக் கதைகள் வேறு.

இம்மரபில் ஓட்டம் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது மஹேகேதாங் சடங்கு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நடுத் திபெத்தின் ஊர்கள் வழியே ஒரு துறவி நெடுந்தூரம் ஓட வேண்டும். ஷாலு, ஞாங்தோ கிப்புக் ஆகிய மடங்கள் இதற்கு ஆளைப் பயிற்றுவித்தன. அறிஞர் பூதோன் (1290-1364) காலத்தில் இது தோன்றியதாக மரபு சொல்கிறது. மரபுக் கதை பெரும் பெயர்களை நாடிச் செல்லும் இயல்புடையது. ஆதலால் பதினான்காம் நூற்றாண்டு என்பதை மேல் எல்லையாகக் கொள்ளலாமே தவிர, தொடக்க ஆண்டாகக் கொள்ள முடியாது. எப்படியாயினும் அது ஒருவர் ஓடும் சடங்கு. போட்டியாளரும் கால அளவும் பரிசும் அதில் இல்லை.

ஜெர்மனியில் பிறந்த பௌத்த லாமா அனகாரிக கோவிந்தா (1898-1985) 1966இல் வெளியிட்ட நூலில் டேவிட்-நீலை ஓரளவு திருத்தினார். ஞாங்தோ கிப்புக்கில் துறவிகள் அடைபட்டிருந்த அறைகளை அவர் கண்டார். எம்பிக் குதிப்பது பயிற்சியின் இலக்கு அன்று என்றார். லடாக் பயணத்தில் ஏரிக்கரையில் ஓவியம் தீட்டிவிட்டு, இருட்டிய பிறகு, பாறைகள் சிதறிய வெளியில் தடுமாறாமல் விரைந்து கூடாரம் திரும்பிய தம் அனுபவத்தையும் எழுதினார். திருத்தம் பயனுள்ளது, ஆனால் அனுபவம் ஒரே இரவின் அனுபவம்.

துறவியை விலக்கினால் முன்னோடி யார்? முதல் விடை தபால் ஓட்டக்காரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குத் தபால் பைகள் ஸோஜி லா கணவாய் வழியே சென்றன. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள அக்கணவாய் பனிக்காலத்தில் வணிகக் கூட்டங்களுக்கு மூடிக்கொள்ளும், தபாலுக்கு மூடாது. 1885இல் லேயில் ஊன்றிய மொரேவிய மிஷனரிகளின் கடிதங்களும் இவ்வாறே வந்தன. ஒருவர் முழு வழியும் ஓடவில்லை. சாவடிக்குச் சாவடி பை கைமாறியது. பனிச்சரிவு நேரத்தை அறிவதும், விடியுமுன் உறைபனி இறுகியிருக்கும்போதே கணவாயைத் தாண்டுவதும் அவர்களுடைய பயிற்சி. எந்த மடமும் அதைக் கற்பிக்கவில்லை. அவர்கள் பெயர்கள் நூல்களில் ஏறவும் இல்லை.

இரண்டாவது விடை ராணுவ மருத்துவம். 1948இல் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பள்ளி ஒன்றை இந்திய ராணுவம் தொடங்கியது. அது 1962இல் உயரமலைப் போர்ப் பள்ளியாகியது. அதே ஆண்டு நடந்த இந்திய-சீனப் போரில் சமவெளி வீரர்கள் விமானத்தில் நேரே மலைக்கு ஏற்றப்பட்டபோது, நுரையீரலில் நீர்கோத்து இளைஞர்கள் இறந்தார்கள். இந்தர் சிங்கும் உடன்பணியாற்றிய மருத்துவர்களும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. ராணுவம் இன்று பின்பற்றும் முறையில் 2,700 மீட்டருக்கு மேல் ஆறு நாள், 3,600க்கு மேல் நான்கு நாள், 4,500க்கு மேல் மீண்டும் நான்கு நாள் உடலைப் பழக்க வேண்டும். முதலிரு நாள் ஓய்வு; பிறகு சிறு நடை; பிறகுதான் ஏற்றம். கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டர் அளவே உயர்ந்த தமிழகத்து ஆரணியிலிருந்து லேக்குப் போகிறவருக்கு, 3,500 மீட்டரில் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. மூச்சைப் பல ஆண்டு அடக்கிப் பழகினாலும் அந்தக் குறை தீராது. உடல் பழகச் சில நாட்கள் கொடுக்க வேண்டும்.

பந்தயங்கள் பிறந்தது இந்த அறிவின்மேல்தான். 2010இல் தொடங்கிய 222 கிலோமீட்டர் லா அல்ட்ரா ஓட்டத்தை நிறுவிய ரஜத் சௌஹான் ஒரு மருத்துவர். முதல் ஆண்டில் புறப்பட்டவர் மூவர். முடித்தவர் ஒருவர், ஏறத்தாழ 49 மணி நேரத்தில். 2012இல் லடாக் மாரத்தான் வந்தது. அதன் பகுதியான 72 கிலோமீட்டர் கார்துங் லா ஓட்டம் கார்துங் கிராமத்திலிருந்து கணவாய் ஏறி லேயில் முடிகிறது. ஓட்டக்காரர்கள் பல நாட்களுக்கு முன்பே வந்து தங்க வேண்டியிருப்பது ராணுவ அட்டவணையின் நேர் வாரிசு.

இங்கே ஒரு பலகையைக் குறிப்பிட வேண்டும். கார்துங் லாவின் உச்சியில் நெடுங்காலம் நின்ற பெயர்ப்பலகை 18,380 அடி, உலகின் மிக உயர்ந்த வாகனச் சாலை என்று பொறித்திருந்தது. செயற்கைக்கோள் கருவிகளால் அளந்தவர்கள் கண்டது 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. வேறுபாடு எண்ணூறு அடி. பழைய எண் எந்த அளவீட்டிலிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்பதைப் பலகை சொல்லவில்லை. ஓடுகிறவரின் நுரையீரலுக்கு இந்த எண்ணூறு அடி பெரிய பொருட்டல்ல. இரு உயரங்களிலும் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் பாதியை ஒட்டியே இருக்கும். வரலாற்று ஆசிரியருக்கு அது பொருட்டு. டேவிட்-நீலின் துறவியைப் பறக்கவைத்த அதே ஆர்வம்தான் இக்கணவாயையும் உயர்த்தியிருக்கிறது.

2023 பிப்ரவரி 20 அன்று நடந்த பாங்கோங் உறைபனி ஓட்டத்தில் அளவீடு முன்னிலை பெற்றது. லுக்குங்கிலிருந்து மான் கிராமம் வரை, 13,862 அடி உயரத்தில், உறைந்த ஏரியின்மேல் 21 கிலோமீட்டர். ஓடியவர்கள் 75 பேர். இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு 30 டிகிரி கீழே இறங்கும் பகுதி அது. கின்னஸ் பதிவு பெற்ற அந்த ஓட்டத்துக்குத் தொலைவும் உயரமும் நேரமும் தாளில் உள்ளன.