மந்தி யார், கடுவன் யார்?

1919இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் ஒரு பட்டியல் வந்தது. வங்காளத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் உள்ள முதுகெலும்புள்ள உயிர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் பட்டியல். குரங்குகள் பகுதியில் ஓரிடத்தில் பேரினப் பெயர் மட்டும் இருக்கிறது. இனப்பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. பக்கத்து மாவட்டமான அசாமின் கோல்பாராவில் வெளிர்மஞ்சள் நிற மந்தி சாதாரணமாகத் தென்படுகிறது என்று கூடவே ஒரு குறிப்பு.

நான் தேடிப் போனது இந்தக் கேள்விக்குறியை அல்ல, நம்முடைய கருமந்தியை. நீலகிரி, ஆனைமலை தொடங்கித் தெற்கே அகத்தியமலை வரை சோலைகளில் வாழும் அதே கருமந்திதான். அதன் அறிவியல் பெயரில் தரங்கம்பாடியில் மருத்துவப் பணி செய்த ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் இருக்கிறார்: 'ஜானி'. இனப்பெயர் நிலைத்துவிட்டது, பேரினம்தான் தடுமாறிக்கொண்டே இருந்தது. பல நூல்கள் கருமந்தியை டிராக்கிபிதிகஸ் பேரினத்தில் வைத்தன. அதன் உறவுகள் பெரும்பாலும் பர்மா, மலேயா, இந்தோசீனக் காடுகளில் வாழ்பவை. வேறு சில நூல்கள் செம்னோபிதிகஸ் என்றன. நம் ஊர்க் கோயில் மலைகளில் காணும் சாம்பல் நிற அனுமன் மந்தியின் பேரினம் அது.

இந்த வழக்கைத் தீர்த்த கட்டுரை 2008இல் வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பிரவீன் கரந்த், ஹைதராபாத்தின் லால்ஜி சிங், அமெரிக்காவின் ரேண்டல் கொல்லூரா, கேரோ-பெத் ஸ்டூவர்ட் ஆகியோர் எழுதியது. மரபணுச் சான்றின்படி கருமந்தியும் இலங்கையின் ஊதாமுக மந்தியும் அனுமன் மந்தியின் நெருங்கிய சொந்தம் என்று அது காட்டியது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அதே கட்டுரையில் இரண்டு குரங்குகள் எந்தப் பக்கமும் ஒட்டாமல் நின்றன. வடகிழக்கின் பொன்மந்தியும் தொப்பிமந்தியும். அவற்றின் மைட்டோகாண்ட்ரியா செம்னோபிதிகஸ் பக்கம் கைகாட்டியது. செல்லின் உட்கருவிலுள்ள மரபணு டிராக்கிபிதிகஸ் பக்கம் கைகாட்டியது. கட்டுரையாளர்கள் ஒரு சாத்தியத்தை முன்வைத்தார்கள்: இவை இரண்டு பேரினங்களும் கலந்து பிறந்த வழியாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு கருமந்தியை ஓரமாக வைத்துவிட்டுப் பொன்மந்தியின் பழைய தாள்களுக்குள் இறங்கினேன்.

வெள்ளைக்காரர்களின் காகிதத்தில் அது முதலில் தலைகாட்டுவது 1838இல். பூடானுக்குத் தூது சென்ற பெம்பர்ட்டனின் அறிக்கையில் அவரோடு போன தாவரவியலாளர் கிரிஃபித் டோங்சோ அருகே இந்தக் குரங்குகளைப் பார்த்த செய்தி பதிவாகியிருக்கிறது. அந்த அறிக்கை பின்னர் எல்லார் கண்ணிலிருந்தும் மறைந்து, 1970களில்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. இடையில் 1907இல், பூடான் எல்லையை ஒட்டிய ஜம்துவார் பக்கம், பாலாடை நிற மந்தி ஒன்றைக் கண்டதாக ஷெப்பியர் என்ற வன அதிகாரி சொன்னார். படமும் இல்லை, தோலும் இல்லை. பின்னாளில் எவரெஸ்ட் பயணக் குழுக்களில் சுமை ஏற்பாடுகளைக் கவனித்த அதே ஷெப்பியர்தான்.

1919ஆம் ஆண்டுப் பட்டியலை எழுதியவர்களின் பெயர்களை நான் இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன். நால்வரில் ஒருவர் ஷெப்பியர். கண்ணால் பார்த்த மனிதரே பட்டியலிலும் பங்கெடுத்திருக்கிறார். தெரியாததற்கு ஒரு பெயரைச் சூட்டிவிடாமல் கேள்விக்குறியோடு அச்சேற்றியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன். அருங்காட்சியகத் தாள்களில் அவசரப் பெயர்கள் செய்த குழப்பத்தை அவிழ்க்கவே பாதி வாழ்நாளைச் செலவிடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான ஈ.பி.கீ 1950களின் தொடக்கத்தில் அந்தக் குரங்கைத் தேடிப் போய் ஆதாரங்களைத் திரட்டினார். இந்திய விலங்கியல் அளவை நிறுவனத்தின் கஜூரியா 1956இல் முறைப்படி விவரித்து, கீயின் பெயரையே அதற்கு வைத்தார். காகிதத்தில் வழக்கு முடிந்தது. மேற்கே சங்கோஷ் ஆறு, கிழக்கே மானஸ் ஆறு, நடுவே பொன்மந்தி. மானஸைத் தாண்டினால் தொப்பிமந்தி.

இனி உடம்புக்குள் இருக்கும் ஆவணம்.

நம் ஊரில் பெயருக்கு முன்னெழுத்து அப்பா வழியில் வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. அம்மா வழியில் மட்டும் வருகிறது. தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு. மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவனோடு நின்றுவிடும். உட்கருவின் டி.என்.ஏ. இரு பக்கமும் பாதிப் பாதி. சங்கப் பாடல்களில் மந்தி என்றால் பெண் குரங்கு, கடுவன் என்றால் ஆண். நாம் இன்று மந்தி என்பதை முழு வகைக்கும் சொல்கிறோம். இந்த ஆய்வில் பழைய பொருளே எனக்குக் கைகொடுத்தது. பொன்மந்தியின் மூதாதையில் மந்தி யார், கடுவன் யார்? சான்று சொல்லும் பதில்: மந்தி செம்னோபிதிகஸ் வழி. அவளுடைய மகள்களும் பேத்திகளும் தலைமுறை தலைமுறையாக டிராக்கிபிதிகஸ் கடுவன்களோடு கூடியிருந்தால், உட்கருவில் அவள் பங்கு தேய்ந்துகொண்டே போகும். மைட்டோகாண்ட்ரியா மட்டும் தேயாமல் நிற்கும்.

ஆனால் ஒரு நல்ல வக்கீல் இங்கே குறுக்கிடுவார். கலப்பே நடக்காமலும் இப்படி ஆகலாம். பொது முன்னோரிடம் ஏற்கெனவே இரண்டு வகை மைட்டோகாண்ட்ரியா இருந்து, பிற்காலக் கிளைகளில் அவை தற்செயலாகப் பிரிந்து தங்கியிருக்கலாம். இது நியாயமான ஆட்சேபம்.

இதற்குச் சாட்சியாக வந்தது, ஆய்வகங்களில் எல்லாரும் தொல்லை என்று ஒதுக்கும் ஒரு பொருள். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் துண்டு எப்போதாவது நழுவி உட்கருவின் குரோமோசோமில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு நியூமிட் என்று பெயர். ஒட்டிய பிறகு அதற்கு வேலை இல்லை. மூலப்பிரதி மாறிக்கொண்டே போக, நகல் ஏறக்குறைய பழைய எழுத்திலேயே கிடக்கும். உண்மையான மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் படிக்கப் போகும் ஆய்வாளர் பல முறை இந்த நகலைப் பிடித்து ஏமாந்திருக்கிறார். கரந்த் ஏமாறவில்லை. அந்த நகல்களையே ஏடுகளாக எடுத்துப் படித்தார்.

பொன்மந்தி, தொப்பிமந்தி, டிராக்கிபிதிகஸ் பேரினத்தைச் சேர்ந்த பேயர் மந்தி ஆகிய மூன்றிலிருந்தும் சைட்டோகுரோம் பி மரபணுவின் நியூமிட்களைப் பிரித்து, உயிருள்ள இனங்களின் மைட்டோகாண்ட்ரியாவோடு ஒப்பிட்டார். அவை மூன்று கிளைகளாக விழுந்தன. அதாவது மூன்று தனித்தனிச் சமயங்களில் ஒட்டிய நகல்கள். ஒரு கிளை செம்னோபிதிகஸின் அடியில், இரண்டு டிராக்கிபிதிகஸின் அடியில். இன்று எந்தத் தாய்வழியில் இல்லையோ, அந்தத் தாய்வழியின் பழைய நகலைச் சில விலங்குகள் உட்கருவில் சுமந்துகொண்டிருந்தன. மூதாதையர் கலந்திருந்தால் இதை எளிதாக விளக்கிவிடலாம். நகல்கள் ஒட்டிய காலத்தை வைத்து, கலப்பு ஏறத்தாழ 71 லட்சம் முதல் 34 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்திருக்கலாம் என்று 2008இல் வெளிவந்த அவருடைய இன்னொரு கட்டுரை கணிக்கிறது. ஜெர்மனியின் கிறிஸ்டியன் ரூஸ் குழு 2011இல் உட்கரு டி.என்.ஏ.வையும் மைட்டோகாண்ட்ரியாவையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தபோதும் கலப்புக்கான சான்றே கிடைத்தது.

அந்தக் குரங்குகள் வாழும் இடத்தைப் படத்தில் பார்த்தால் இது வியப்பில்லை. மேற்கே இந்தியத் துணைக்கண்டம் முழுக்க செம்னோபிதிகஸ். கிழக்கே தென்கிழக்கு ஆசியா முழுக்க டிராக்கிபிதிகஸ். இரண்டும் சந்திக்கும் வாசலில் பொன்மந்தி உட்கார்ந்திருக்கிறது. இன்றும் பூடானில் பொன்மந்திக்கும் தொப்பிமந்திக்கும் இடைப்பட்ட கலப்பு விலங்குகள் பதிவாகியிருக்கின்றன. கலப்பு என்றால் கறை என்று எண்ணும் வழக்கம் காட்டுயிர்ப் பாதுகாப்புத் துறையிலும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. இந்த விலங்கின் முழு அடையாளமும் அந்தப் பழைய கூடலிலிருந்து வந்தது. அதைக் கழித்துவிட்டால் பொன்மந்தியே இல்லை.

இந்த வழிக்குத் தனிப் பேரினமே வகுக்க வேண்டியிருக்கலாம் என்று கரந்த் எழுதினார். பட்டியல்களில் அது இன்னும் டிராக்கிபிதிகஸ்தான். என் கணிப்பில் அவர் சொன்னதே சரி. இரண்டு வீட்டுக்கும் பிறந்த பிள்ளையை ஒரு வீட்டுக் குடும்ப அட்டையில் மட்டும் எழுதிவைத்திருக்கிறோம்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் அசாமில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கோவை ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி மையமும் அதில் பங்கேற்றது. எண்ணிக்கை 7,396. இந்தியாவில் மதிப்பிடப்பட்டுள்ள பொன்மந்திகள் அவ்வளவுதான்.