பெயர் இழந்த தடுப்பாட்டம்

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் எழுதிய செய்திகள் யாவும் ‘எமது நிருபர்’ என்ற பெயரிலேயே வெளிவந்தன. எழுதியவன் யாரென்று வாசகருக்குத் தெரியாது. பின்னாளில் சதுரங்கத் தொடக்க ஆட்டங்களைப் பயிலத் தொடங்கியபோது, அங்கும் ஓர் ‘எமது நிருபர்’ இருக்கக் கண்டேன். அவரைப் பற்றியதே இக்கட்டுரை.

சதுரங்கத் தொடக்கங்கள் பலவும் மனிதர்களின் பெயர்களைத் தாங்கி நிற்பவை. 1561இல் சதுரங்க நூல் எழுதிய ஸ்பானியப் பாதிரியார் றுய் லோப்பெஸின் பெயரில் ஒரு தொடக்கம் உண்டு. பிரெஞ்சு இசைவாணர் பிலிடோரின் பெயரில் ஒரு தடுப்பாட்டம் உண்டு. எதிரிக்கு ஒரு சிப்பாயை வலியக் கொடுத்து வேகத்தைப் பெறும் உத்தியைக் ‘காம்பிட்’ என்பர். வேல்ஸ் நாட்டுக் கப்பல் தலைவர் எவன்ஸ் 1820களில் வகுத்த காம்பிட் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆனால் ‘இந்தியத் தடுப்பாட்டம்’ என்ற பெயரில் மனிதர் எவரும் இல்லை. ஒரு தேசம் மட்டுமே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் வாழ்ந்தவர் ஸ்கொட்லாந்துச் சட்டத்தரணி ஜோன் கொக்றேன். வலிமை வாய்ந்த ஆட்டக்காரர். அவருக்கு எதிரே அமர்ந்து நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஆடியவர் மகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளி. இந்திய முறைச் சதுரங்கத்தில் ஊறியவர் அவர். அம்முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். எனவே சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அதன் பின்னால் மந்திரியை வைத்து, நீண்ட மூலைவிட்டத்தைக் காவல் செய்வது அவருக்குக் கைவந்த வழக்கம்.

பலகையின் நடுப்பகுதியைச் சிப்பாய்களால் உடனே கைப்பற்ற வேண்டும் என்பதே அக்கால ஐரோப்பியரின் பாடம். மகேஷ்சந்திரரோ எதிரியை நடுவிலே கட்டவிட்டார். கட்டியதைத் தொலைவிலிருந்து தாக்கினார். தொடக்க ஆட்டம் பயிலும் இளையோர் நகர்வுகளை மனனஞ் செய்வதிலும் பார்க்க, இந்த ஒரு கருத்தை விளங்கிக்கொள்வது பெரும்பயன் தரும்.

1855 மே மாதத்தில் கொக்றேனுக்கு எதிராக அவர் கறுப்புக் காய்களுடன் ஆடிய ஆட்டமொன்று எஞ்சியிருக்கிறது. குதிரையை வெளியே கொணர்ந்து, மந்திரியை மூலைவிட்டத்தில் நிறுத்தி, வெள்ளையின் நடுவரணைப் பக்கச் சிப்பாயால் தாக்கினார். அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார் என்பதையும் சொல்லவேண்டும். ஏறத்தாழ அறுபத்தேழு ஆண்டுகளின் பின், 1922இல், வியன்னாவில் ஏர்ன்ஸ்ட் குறூன்பெல்ட் அதே அமைப்பைக் கையாண்டு அலெகைனை வென்றார். இன்று அது ‘குறூன்பெல்ட் தடுப்பாட்டம்’.

இதிலே களவு எதுவும் நிகழ்ந்ததாக நான் சொல்லவில்லை. குறூன்பெல்ட் அதனைச் சர்வதேச அரங்கில் நிலைநிறுத்தினார். பெயர் அவரைச் சேர்ந்தது. ‘இந்திய’ என்ற சொல்லோடு நிம்ஸோவிச்சின் பெயரும் பொகோல்யூபொவின் பெயரும் ஒட்டிக்கொண்டன. மகேஷ்சந்திரரின் பெயர் மட்டும் ஒட்டவில்லை. அவருடைய ஆட்டங்கள் பிழைத்ததுகூட எவரோ அவற்றைக் குறித்துவைத்தமையாலேயே.

எழுதிவைப்பவன் இல்லையேல் ஆடியவன் இல்லை. ‘எமது நிருபர்’ ஆக நெடுங்காலம் வாழ்ந்தவனுக்கு இது நன்கு விளங்கும். ஆகவே, இந்தியத் தடுப்பாட்டத்தை எவருக்கேனும் சொல்லிக்கொடுக்க நேரும்போதெல்லாம், குதிரையைத் தொடுமுன் அந்த வங்காளியின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.