இராணுவ ஆட்சியும் சர்வதேசப் பொறுப்பும்: சிலியின் அனுபவம் (1973 - 1990)

இராணுவ ஆட்சிக்குட்பட்ட நாடொன்றில் சனநாயகத்துக்காகப் போராடும் மக்களுக்கு வெளியுலகம் ஆற்றவேண்டிய கடமை யாது என்னும் வினா எழுப்பப்படும் போதெல்லாம் இரு விடைகள் வழமையாகக் கூறப்படுகின்றன. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் பிறர் தலையிடலாகாது என்பது ஒன்று. மனித உரிமைகள் எல்லைகளைக் கடந்தவை, ஆதலின் வல்லரசுகள் முன்வந்து செயற்படவேண்டும் என்பது மற்றையது. முதலாவது விடை ஒடுக்குவோருக்கு அரணாகின்றது. இரண்டாவது வல்லரசுகளின் நலன்களுக்கு முகமூடியாகின்றது. இரண்டுமே அரசுகளை மாத்திரம் வரலாற்றின் கர்த்தாக்களாகக் கொள்பவை. சிலி நாட்டின் பதினாறரை ஆண்டுக்கால இராணுவ ஆட்சியை நோக்குமிடத்து இவ்வினாவை வேறொரு தளத்தில் வைத்து ஆராய இடமுண்டு. அதுவே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

1970ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் ஐக்கிய முன்னணியின் வேட்பாளரான சல்வடோர் அலெண்டே 36.6 சதவீத வாக்குகளைப் பெற்று முதலிடம் வகித்தார். அரசியலமைப்பு விதிகளின்படி காங்கிரஸ் அவரை ஜனாதிபதியாக உறுதிப்படுத்தியது. 1971 யூலையில் செப்புச் சுரங்கங்களைத் தேசியமயமாக்கும் அரசியலமைப்புத் திருத்தம் எதிர்க்கட்சிகளின் வாக்குகளையும் பெற்று ஏகமனதாக நிறைவேறியது. 1973 மார்ச்சில் நடைபெற்ற காங்கிரஸ் தேர்தலில், கடும் பொருளாதார நெருக்கடிக்கு மத்தியிலும், முன்னணி ஏறத்தாழ 44 சதவீத வாக்குகளைப் பெற்றது. ஆறு மாதங்களின் பின்னர், செப்ரெம்பர் 11ஆந் தேதி, இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஜனாதிபதி மாளிகை விமானங்களால் தாக்கப்பட்டது. அலெண்டே அங்கேயே உயிர்நீத்தார்.

இந்நிகழ்ச்சியைச் சிலியின் 'உள்விவகாரம்' எனக் கொள்ள முடியாது. அமெரிக்க செனற் சபையின் விசாரணைக் குழு 1975இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1970க்கும் 1973க்கும் இடையில் சிலியில் இரகசிய நடவடிக்கைகளுக்கென அமெரிக்க அரசு ஏறத்தாழ 80 இலட்சம் டொலரைச் செலவிட்டிருந்தது. உலக வங்கி அலெண்டேயின் ஆட்சிக்காலத்தில் சிலிக்குப் புதிய கடன் எதனையும் வழங்கவில்லை. இராணுவ ஆட்சி ஏற்பட்டதும் மீண்டும் வழங்கத் தொடங்கியது. எனவே தலையிடுவதா, தலையிடாதிருப்பதா என்ற விவாதம் 1973இன் பின்னர் தொடங்கும் ஒன்றாயின் அது பொய்யான விவாதமாகும். வெளியுலகம் ஏற்கெனவே உள்ளே இருந்தது. யாருடைய பக்கத்தில் இருந்தது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

2

இராணுவ ஆட்சியின் கொடுமைகள் யாவரும் அறிந்தவை. பின்னாளில் நியமிக்கப்பட்ட உண்மை ஆணைக்குழுக்களின் கணக்கின்படி கொல்லப்பட்டோரும் காணாமற் போனோரும் மூவாயிரத்துக்கும் அதிகமானோர். அரசியற் காரணங்களுக்காகச் சிறைவைக்கப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானோர் என ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். இதற்கு உலகம் காட்டிய எதிர்வினை ஒருபடித்தானதன்று.

சோவியத் ஒன்றியம் இராணுவ ஆட்சியுடன் இராஜதந்திர உறவைத் துண்டித்தது. 1973 நவம்பரில், கைதிகள் அடைத்துவைக்கப்பட்டிருந்த சந்தியாகோ தேசிய விளையாட்டரங்கில் உதைபந்தாட்டப் போட்டியில் கலந்துகொள்ள சோவியத் அணி மறுத்துவிட்டது. எதிரணி இல்லாத மைதானத்தில் சிலி வீரர்கள் வெறும் கோலுக்குள் பந்தை உதைத்தனர். சுவீடன் தூதுவர் ஹரால்ட் எடல்ஸ்ராம் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தோரைப் பாதுகாத்து, பலரை நாட்டிலிருந்து வெளியேற உதவியமையால் அவ்வாண்டு டிசெம்பரில் வெளியேற்றப்பட்டார்.

ஆயின் முற்போக்காளர் கூச்சமின்றி நோக்கவேண்டிய மறுபக்கமும் உண்டு. மக்கள் சீனம் பினோசேயின் அரசுடன் உறவைத் தொடர்ந்து பேணியது. மொஸ்கோவுடனான முரண்பாடே அதன் நிலைப்பாட்டை நிர்ணயித்தது. சிலி தொடர்பாகக் குரலெழுப்பிய சோவியத் ஒன்றியமோ, 1976இல் ஆர்ஜென்ரீனாவில் இராணுவம் ஆட்சிக்கு வந்தபோது மௌனம் சாதித்தது. 1980இல் அமெரிக்கா தானிய விற்பனைக்குத் தடைவிதித்தபின் ஆர்ஜென்ரீனத் தானியத்தின் பெரும் கொள்வனவாளராக விளங்கிய அந்நாடு, ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணைக்குழுவில் அவ்விராணுவ ஆட்சியைக் கண்டனத்திலிருந்து காப்பதிலும் பங்கேற்றது. சோசலிச அரசுகளாயினும் அரசு என்ற வகையில் தமது உடனடி நலன்களையே முதன்மைப்படுத்தின என்பதற்கு இவை சான்றுகள். பாட்டாளி வர்க்க சர்வதேசியம் என்ற கோட்பாட்டை அரசொன்றின் வெளிநாட்டுக் கொள்கையுடன் சமப்படுத்தியமை இடதுசாரி இயக்கத்தின் பாரதூரமான தவறுகளுள் ஒன்று என்றே கூறவேண்டும்.

3

அக்கோட்பாட்டின் மெய்யான வெளிப்பாட்டை வேறிடங்களிற் காணலாம். ஜனாதிபதி மாளிகையைத் தாக்கிய ஹோக்கர் ஹன்ரர் விமானங்கள் பிரித்தானியாவிற் செய்யப்பட்டவை. அவற்றின் இயந்திரங்கள் சில, திருத்துவதற்காக ஸ்கொற்லாந்தின் ஈஸ்ற் கில்பிறைட் நகரிலுள்ள ரோல்ஸ் றொய்ஸ் தொழிற்சாலைக்கு வந்திருந்தன. 1974 மார்ச்சில் அங்குள்ள தொழிலாளர் அவற்றில் வேலைசெய்ய மறுத்தனர். இயந்திரங்கள் தொழிற்சாலை முற்றத்திலே கிடந்து துருவேறின. 1978 ஓகஸ்ற்றில் ஓர் இரவில் அவை அகற்றப்படும்வரை மறுப்பு நீடித்தது. இச்செயலால் மாத்திரம் இராணுவ ஆட்சி வீழ்ந்துவிடவில்லை. ஆயினும், தமது உழைப்பு எங்கே, எவருக்கெதிராகப் பயன்படுகின்றது என்று கேட்கும் உரிமை உழைப்பவருக்கு உண்டு என்பதை அது நிலைநாட்டியது. சர்வதேசப் பொறுப்பின் முதற்படி இதுவே: ஒடுக்குமுறைக்குத் தன் கையால் உதவாதிருத்தல்.

தொழிற்சங்கங்களின் அழுத்தம் ஆட்சியாளரை நேரடியாகப் பாதித்த சந்தர்ப்பமும் உண்டு. 1978இன் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்துத் தொழிற்சங்கங்கள் சிலியின் வர்த்தகத்தைப் பகிஷ்கரிக்கப் போவதாக அறிவித்தன. துறைமுகங்களிற் சரக்கு தேங்கிவிடும் என அஞ்சிய அரசு 1979இல் புதிய தொழிற்சட்டங்களைக் கொண்டுவந்தது. அவை வேலைநிறுத்த உரிமையைப் பெரிதும் முடக்கியவை; எனினும் கூட்டுப் பேரத்துக்கு ஒரு குறுகிய வழியைத் திறந்தன. அவ்வழியிலே தொழிற்சங்கங்கள் மீண்டும் தலையெடுத்தன. 1983 மே 11ஆந் தேதி முதலாவது தேசிய எதிர்ப்பு நாளுக்கு அறைகூவல் விடுத்தது செப்புச் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பிறிதொரு தளம் ஆவணப்படுத்தலாகும். 1973 ஒக்ரோபரில் பல்வேறு சமயத்தவர் இணைந்து அமைத்த சமாதானக் குழு, பினோசேயின் வற்புறுத்தலினால் 1975இன் இறுதியிற் கலைக்கப்பட்டது. மறு ஆண்டே கர்தினால் சில்வா ஹென்றிக்கஸ் திருச்சபையின் கீழ் 'ஒருமைப்பாட்டு மனை'யை நிறுவி அப்பணியைத் தொடர்ந்தார். வெளிநாட்டுத் திருச்சபைகளின் நிதியுதவியால் வழக்கறிஞர்கள் ஆயிரக்கணக்கான ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தனர். நீதிமன்றங்கள் அவற்றுள் ஏறக்குறைய அனைத்தையும் நிராகரித்தன. ஆனால் நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு மனுவும் ஒரு பெயரை, ஒரு தேதியை, கைதுசெய்யப்பட்ட இடத்தைப் பதிவுசெய்து வைத்தது. பிற்கால விசாரணைகளுக்கு இப்பதிவுகளே ஆதாரமாயின. காணாமற் போனோரின் தாய்மாரும் மனைவியரும் சாக்குத் துணியில் பழந்துணித் துண்டுகளைத் தைத்து உருவாக்கிய 'ஆர்ப்பில்யேரா' படங்கள் இம்மனையின் வழியே வெளிநாடுகளுக்குச் சென்றன. வருமானமாகவும் சாட்சியமாகவும் அமைந்த இக்கலை, அழகியல் வாழ்விலிருந்து வேறானதன்று என்பதற்கு எடுத்துக்காட்டாகும். ஐரோப்பாவிற் பயணஞ் செய்துகொண்டிருந்தபோதே நாடற்றோராகிய கிலாப்பாயுன், இன்ரி இய்யிமானி இசைக்குழுக்களின் பணியும் இவ்வாறானதே.

4

எதிர்ப்பக்கமும் தனது சர்வதேசத்தைக் கொண்டிருந்தது. 1976இல் அமெரிக்கக் காங்கிரஸ் சிலிக்கு ஆயுத விற்பனையைத் தடைசெய்தது. ஆயினும் தனியார் வங்கிகள் தாராளமாகக் கடன் வழங்கின. 1982இல் நாட்டின் வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 1,700 கோடி டொலராக இருந்தது. பிரித்தானியா விதித்திருந்த ஆயுதத் தடையைத் தச்சர் அரசு 1980இல் நீக்கியது. அரசாங்கங்களின் கண்டனத் தீர்மானங்கள் மூலதனத்தின் போக்கைத் தடுக்கவில்லை.

1988 ஒக்ரோபர் 5ஆந் தேதிய மக்கள் தீர்ப்பில் ஏறத்தாழ 56 சதவீதத்தினர் பினோசேக்கு எதிராக வாக்களித்தனர். 'இல்லை' இயக்கத்தினருக்கு அமெரிக்க நிதியும் கிடைத்தது உண்மை. 1983 முதல் வீதிகளில் வளர்ந்த போராட்டம் தன் கட்டுக்கடங்காது போய்விடும் என வாஷிங்ரன் அஞ்சியமையே அதன் காரணம் எனலாம். கிடைத்த சனநாயகமும் அவ்வச்சத்தின் முத்திரையைத் தாங்கியது. 1990 மார்ச்சில் பதவி நீங்கிய பினோசே 1998 வரை இராணுவத் தளபதியாக நீடித்தார். அவ்வாண்டு ஒக்ரோபரில் ஸ்பானிய நீதிபதி ஒருவரின் கோரிக்கைப்படி இலண்டனிற் கைதுசெய்யப்பட்டபோது, நாடுகடந்து வாழ்ந்தோர் கால்நூற்றாண்டாகத் திரட்டிய சாட்சியம் சட்டத்தின் வலிமையைப் பெற்றது. உடல்நலங் காரணமாக 2000இல் விடுவிக்கப்பட்ட அவர் 2006இல் தண்டனையின்றியே மரணமானார். 1980ஆம் ஆண்டு அவரது ஆட்சியில் இயற்றப்பட்ட அரசியலமைப்பை மாற்றுவதற்கு முன்வைக்கப்பட்ட இரு வரைவுகளும் 2022இலும் 2023இலும் வாக்கெடுப்பில் தோல்வியுற்றன.

தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகளுக்கு வரலாம். சனநாயகத்தை வெளியிலிருந்து வழங்க முடியாது; சிலியில் அதனை மீட்டவர்கள் சுரங்கத் தொழிலாளரும் குடிசைவாசிகளும் காணாமற் போனோரின் குடும்பத்தினருமேயாவர். வெளியுலகம் செய்யக்கூடியவை மூன்று: ஒடுக்குவோருக்குக் கடனையும் கருவியையும் மறுத்தல், மக்கள் அமைப்புகள் உயிர்வாழத் துணைநிற்றல், சாட்சியத்தைப் பேணிக் காத்தல். இக்கடமைகளை நட்பு நாடு, பகை நாடு எனத் தரம்பிரித்து ஆற்றும் இயக்கம் தனது தார்மிக அடிப்படையை இழந்துவிடும். தம் அணியைச் சார்ந்த இராணுவ ஆட்சியாளர் முன்னிலையிலும் அதே உரைகல்லைப் பயன்படுத்தும் துணிவு உண்டா என்பதே முற்போக்காளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும்.