இன்வெர்ட்டர் லைன்

எங்கள் கோவைப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் மரச்சட்ட வயரிங் இன்னும் இருக்கிறது. சுவரின்மேல் சட்டம், அதில் கிளிப் அடித்து ஓட்டிய ஒயர், உருண்டையான கறுப்பு சுவிட்ச். 1932இல் மலையிறங்கி வந்த பைக்காரா நீர்மின்சாரம் இங்கே மில்களை ஓட்டியது, பிறகு கிணற்று மோட்டாரை. வீட்டுக்குக் கிடைத்தது ஆசாரத்தில் ஒரு குண்டு பல்பு. அதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் என்று சுமை ஏறிய காலத்திலும் எந்த வீட்டிலும் எலக்ட்ரீஷியனான என்னிடம் வாட் கேட்டதில்லை. கேரண்டி எத்தனை வருஷம் என்பார்கள், அவ்வளவுதான். மின்சாரத்தைச் சேமிப்போம் என்ற அரசு விளம்பரங்களை நானும்தான் பார்த்தேன். அவற்றால் ஒரு சுவிட்சாவது அணைந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஜனங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது 2008இல் தொடங்கிய மின்வெட்டு.

மே முதல் செப்டம்பர் வரை பல்லடம், உடுமலை, ஆரல்வாய்மொழி காற்றாலைகள் சுற்றும், மூச்சு விடலாம். காற்று நின்றதும் வெட்டு கூடிவிடும். 2012இல் சென்னைக்கு 2 மணி நேரம் என்றால் எங்களுக்கு 12 மணி நேரத்தையும் தாண்டிய நாட்கள் உண்டு. ஒரு மணி நேரம் வரும், அடுத்த மணி போகும். மாவு ஆட்டுவது, தொட்டி நிரப்புவது, துணி தேய்ப்பது எல்லாம் அந்த ஒரு மணிக்குள் முண்டியடிக்கும்.

இன்வெர்ட்டர் மாட்டப் போனால் மெஷினைக் காட்டிலும் பாயின்ட் பிரிப்பதுதான் பெரிய வேலை. 150 ஏ.எச். பேட்டரி முழு சார்ஜில் இருந்தால் 2 ஃபேன், 2 டியூப்லைட் சுமார் 4 மணி நேரம் ஓடும். அதற்குமேல் எதைச் சேர்த்தாலும் நேரம் குறையும். "எதெதை இந்த லைன்ல போடட்டுங்க?" என்று கேட்டதும் வீட்டுக்குள் வழக்கு ஆரம்பமாகிவிடும். ஹாலுக்கு ஃபேன், பெரியவர் ரூமுக்கு ஃபேன், படிக்கிற பையனுக்கு லைட். சமையலறைக்கு ஒரு லைட்டோடு சரி. அடுப்பு முன்னால் வேகிறவர்களுக்கு ஒரு ஃபேன் பாயின்ட் கொடுங்கள் என்று ஆண்கள் யாரும் தாமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஏனுங்க, மிக்ஸி போட்டா தாங்குமுங்களா?"

"ஓவர்லோடுன்னு கத்துமுங்க அம்மிணி. கரண்டு வந்ததும் போடுங்க."

இப்படிப் பேசிப் பேசித்தான் டியூப்லைட் 40 வாட் என்றாலும் பழைய சோக் தனியே 15 வாட் வரை தின்னும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்தது. பெட்டி ரெகுலேட்டரில் ஃபேனைக் குறைத்தால் கரண்டின் ஒரு பங்கு சூடாகவே போய்விடும் என்பதும் தெரிந்தது. சோக்கைக் கழற்றிவிட்டு சி.எஃப்.எல். மாட்டச் சொன்னவர்கள் பலர்.

இதில் வேடிக்கை, பல வீடுகளில் பில் குறையவில்லை. சார்ஜாக ஏறும் 10 யூனிட்டில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் சேருவது 7 தேறினால் அதிகம்; மீதி பேட்டரியிலும் மெஷினிலும் சூடாகப் போகும்.

2014க்குப் பிறகு வெட்டு ஓய்ந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் மத்திய அரசுத் திட்டத்தில் எல்.இ.டி. பல்பு மலிந்தது. 2016இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமானது. ஆனால் 2017 முதல் 2022 வரை இருந்த கட்டணத்தில் 500 யூனிட் வரை 1,130 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடினால் 1,786. அந்த 500 தாண்டாமலிருக்க மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிப் பிரித்தார்கள். மூலையில் கிடந்த இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றக் கூப்பிட்டவர்கள் குறைந்தார்கள். மீட்டர் பிரிக்கக் கூப்பிட்டவர்கள் கூடினார்கள். எனக்கு ரெண்டும் வேலைதான்.