தகர ரோபோ முதல் சாட்டர்ன் ராக்கெட் வரை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "டெக்னிக்கலாவும் இருக்கணும், வீட்டுல எல்லாரும் படிக்கிற மாதிரியும் இருக்கணும்" என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். இரண்டுக்கும் பொருந்தி வருகிற சமாசாரம் எது என்று யோசித்ததில் பொம்மைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அதிலும் ராக்கெட், ரோபோ, விண்வெளி வீரர் என்று ஒரு காலத்தில் பல நாட்டுக் குழந்தைகளைக் கட்டிப்போட்ட விண்வெளி பொம்மைகள். "கழுதை வயசாகியும் பொம்மைக் கதையா?" என்று சீனியர்கள் சிரிக்க வேண்டாம். தகரத்தை மடிப்பது, பிளாஸ்டிக்கை அச்சில் வார்ப்பது, டிராயிங்கைப் பார்த்துப் பாகங்களைப் பூட்டுவது என்று நாம் படித்ததில் பாதி இந்தச் சரித்திரத்தில் இருக்கிறது.

தகரத்தில் பிறந்த ரோபோ

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. பெரிய நகரங்கள் பல எரிந்து கிடந்தன. தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருள் இல்லை. அந்த நிலையில் ஓட்சு நகரில் கொசுகே மாட்சுஸோ என்ற பொம்மைத் தயாரிப்பாளர் ஒரு காரியம் செய்தார். தூக்கி எறியப்பட்ட காலி டப்பாக்களைச் சேர்த்து, வெட்டி, தட்டி நிமிர்த்தி, அமெரிக்கப் படையினர் ஓட்டித் திரிந்த ஜீப்பைச் சின்னதாகச் செய்தார். அந்த டிசம்பரில் கியோட்டோவில் ஒரு பெரிய கடையில் விற்பனைக்கு வைத்தார்கள். சுடச்சுட விற்றுத் தீர்ந்தது. ஜப்பானின் பொம்மைத் தொழில் குப்பையில் கிடந்த தகரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது.

1947-ல் ஏற்றுமதிக்கு அனுமதி கிடைத்தது. 1952 வரை அந்தப் பொருள்களின் அடியில் 'ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பானில் செய்தது' என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். அன்றைக்கு அவமானச் சின்னமாக இருந்த அந்த முத்திரையைத்தான் இன்று சேகரிப்பவர்கள் பொம்மையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடுகிறார்கள்.

செய்முறையைக் கேட்டால் நம் ஷீட் மெட்டல் வகுப்பு ஞாபகம் வரும். முதலில் தட்டையான தகரத்தின் மேல் லித்தோ முறையில் பல வண்ணங்களில் அச்சடிப்பார்கள். ரோபோவின் கண், பொத்தான், மீட்டர் எல்லாமே அச்சடித்த படம்தான். பிறகு பிரஸ்ஸில் வெட்டி, மடித்து, ஒரு பக்கத்து நாக்கை மறுபக்கத்துத் துளையில் நுழைத்துத் திருப்பிவிடுவார்கள். பெரும்பாலும் ஸ்குரூவும் தேவையில்லை, பற்றவைப்பும் தேவையில்லை.

மசுதயா, நோமுரா, யோனெசாவா, ஹோரிகாவா போன்ற கம்பெனிகள் 1950-களில் இந்த வித்தையை வைத்துக்கொண்டு ரோபோக்களாகச் செய்து தள்ளின. சில பொம்மைகளுக்கு உள்ளே சிக்கிமுக்கிக் கல் உரசி நெஞ்சில் தீப்பொறி பறக்கும். சில பொம்மைகள் சுவரில் முட்டினால் தானே வேறு பக்கம் திரும்பி நடையைக் கட்டும். சென்சார் கிடையாது, எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. அடியில் சுழலும் ஒரு சின்னத் தட்டில் சக்கரங்கள் இருக்கும். பொம்மை தடைபட்டதும் மோட்டாரின் விசை அந்தத் தட்டையே திருப்பிவிடும். அவ்வளவுதான்! இன்று வீடு பெருக்கும் ரோபோ சுவரில் முட்டித் திரும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகர ரோபோதான் நினைவுக்கு வரும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஸ்புட்னிக் பறந்தது 1957 அக்டோபரில். யூரி ககாரின் விண்வெளிக்குப் போனது 1961 ஏப்ரலில். அதற்கு முன்பே இந்த பொம்மைகள் கடைக்கு வந்துவிட்டன. விண்வெளியை யாரும் நேரில் பார்க்காத காலத்தில், எதிர்காலம் இப்படித்தான் இருக்கும் என்று பொம்மைக்காரர்கள் ஊகித்துச் செய்தவை அவை. தலையில் ஆன்டெனா, நெஞ்சு நிறைய மீட்டரும் முள்ளும். 1950-களின் மனிதன் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தான் என்று தெரிய வேண்டுமானால், புத்தகங்களோடு இந்தத் தகர ரோபோக்களையும் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு டிராயிங்

இதே காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கோலஸ் கோவ் 1939-ல் லண்டனில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். ஆரம்பத்தில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள், பிறகு பிளாஸ்டிக் சீப்பு. 1949-ல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனிக்காக ஒரு மாடல் செய்தார்கள். 1952-ல் கோல்டன் ஹைண்ட் கப்பலைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒரு பாலிதீன் பையில் போட்டு, உல்வொர்த் கடைகளில் 2 ஷில்லிங்குக்கு விற்றார்கள். 'நீயே ஒட்டிக்கொள்' என்ற இந்த ஏற்பாடு அமோகமாக ஓடியது.

அமெரிக்காவில் ரெவெல், மோனோகிராம், அரோரா கம்பெனிகள். 1959-ல் மோனோகிராம், ராக்கெட் எழுத்தாளர் வில்லி லே வடிவமைத்த விண்கலங்களைக் கிட்டாகக் கொண்டு வந்தது. அவர் ஜெர்மனியில் ராக்கெட் ஆராய்ச்சிக் குழுவில் இருந்து, பின்னால் அமெரிக்கா போனவர். பொம்மைக் கம்பெனி நிபுணரைக் கூப்பிட்டு டிசைன் கேட்டது என்றால், அந்தக் காலத்துக் குழந்தையை எவ்வளவு மதித்தார்கள் பாருங்கள்!

கிட் என்பது என்ன? பாலிஸ்டைரீனை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்த்த பாகங்கள், கொடியில் காய்த்தது போல ரன்னரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கூடவே பாகங்களைப் பிரித்துக் காட்டும் ஒரு டிராயிங். எந்தப் பாகம் முதலில், எது பிறகு என்று அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். பைலட்டை உட்கார வைக்காமல் இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிட்டால் போச்சு! அந்தப் பசை பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடும்; பிரித்தால் உடையும். அசெம்பிளி வரிசை என்று நாம் காலேஜில் படித்ததை அந்த ஊர்ப் பையன்கள் பத்து வயதில் விரலில் பசை ஒட்ட ஒட்டக் கற்றுக்கொண்டார்கள்.

இதன் உச்சம் சாட்டர்ன் 5. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அந்த ராக்கெட்டின் நிஜ உயரம் சுமார் 110 மீட்டர். ரெவெல் 1969-ல் 96-ல் ஒரு பங்கு அளவில் கொண்டுவந்த கிட் முழுசாக ஒட்டி முடித்தால் சுமார் 115 சென்டிமீட்டர் நிற்கும். ஆறு வயதுக் குழந்தையின் உயரம்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1966 மே மாதம் கென்னடி விண்வெளி மையத்தில் 500எஃப் என்று ஒரு சாட்டர்னை வெளியே கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஏவுதளம், குழாய், கிரேன் எல்லாம் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கான சோதனை ராக்கெட் அது, பறக்கவே இல்லை. அதன் முதல் அடுக்கில் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே கறுப்புப் பட்டை அடித்திருந்தார்கள். ஃபிளோரிடா வெயிலில் கறுப்பு சூடேறுகிறது என்று, பறந்த ராக்கெட்டுகளில் அந்த இடத்தை வெள்ளையாக்கிவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்து சாட்டர்ன் கிட்கள் பலவற்றின் பெயின்ட் குறிப்பில் அந்தக் கறுப்புப் பட்டை அப்படியே தங்கிவிட்டது. பறக்காத ராக்கெட்டின் வண்ணத்தோடு எத்தனையோ சாட்டர்ன்கள் குழந்தைகளின் அலமாரியில் நின்றன. டிராயிங்கில் ரிவிஷன் நம்பர் பார்க்காமல் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சந்திரனிலிருந்து சினிமாவுக்கு

1966-ல் மாட்டல் கம்பெனி மேஜர் மாட் மேசன் என்ற விண்வெளி வீரர் பொம்மையைக் கொண்டு வந்தது. ஆறு அங்குல உயரம், உள்ளே கம்பி, மேலே ரப்பர். கை காலை எப்படி வேண்டுமானாலும் மடக்கலாம். மடக்கி மடக்கிக் கம்பி உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். இன்று கம்பி முறியாத மேஜர் கிடைப்பது அபூர்வம். மெட்டல் ஃபெட்டீக் என்று நாம் பரீட்சையில் எழுதியது இதுதான்.

1972 டிசம்பரில் அப்போலோ 17 திரும்பி வந்தது. அதோடு சந்திரப் பயணம் நின்றது. கடைகளிலும் ராக்கெட் மோகம் குறைந்தது. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' படம் வந்தபோது விண்வெளி மறுபடி பொம்மைக் கடைக்குள் நுழைந்தது, ஆனால் இந்த முறை சினிமா வழியாக. பொம்மை உரிமை வாங்கிய கென்னர் கம்பெனியால் கிறிஸ்துமஸுக்குள் சரக்குத் தயார் செய்ய முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? பொம்மையே இல்லாத பெட்டியை விற்றார்கள்! உள்ளே ஒரு கூப்பன். அதை அனுப்பினால் அடுத்த வருஷம் நான்கு பொம்மைகள் தபாலில் வரும். சனங்கள் அதையும் வாங்கினார்கள்.

அந்த பொம்மைகளின் உயரம் 3¾ அங்குலம். பொம்மை சின்னதாக இருந்தால்தான் அது உட்காரும் விண்கலத்தையும் கட்டுப்படியாகும் விலையில் விற்க முடியும் என்ற கணக்கு. அந்த அளவே பிறகு பலருக்கும் வழிகாட்டியானது. 1982-ல் வந்த ஜி.ஐ. ஜோவும் அதே அளவுதான். இங்கேதான் நம்ம ஊர் கதைக்குள் வருகிறது. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் 1987-ல் உற்பத்தியைத் தொடங்கி, அந்த ஜி.ஐ. ஜோக்களை வெளிநாட்டு அச்சுகளை வைத்து இந்தியாவிலேயே செய்தது. சிலவற்றின் வண்ணம் அமெரிக்கப் பதிப்பிலிருந்து மாறியிருக்கும். அந்த வண்ண வித்தியாசத்துக்காகவே இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இந்திய ஜோக்களைத் தேடுகிறார்கள். என் வயதுக்காரர்கள் கொஞ்சம் பரணைப் பார்த்துவிட்டு வாருங்கள்!

திறக்காத பெட்டி

1979-ல் கென்னர், முதுகிலிருந்து ராக்கெட் பாயும் போபா ஃபெட் பொம்மையை விளம்பரம் செய்தது. அதற்குள், 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' விண்கல பொம்மையிலிருந்து பாய்ந்த சின்ன ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்திருந்தான். அதைத் தயாரித்த மாட்டல் அந்த பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. கென்னரும் ராக்கெட்டைப் பாயவிடாமல் ஒட்டி மூடித்தான் அனுப்பியது. பாயும் மாதிரியில் சோதனைக்காகச் செய்த சில மட்டும் மிஞ்சின. அதில் ஒன்று 2024-ல் அமெரிக்காவில் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது.

பழைய பொம்மைகளில் இத்தனை விலை போனது, எந்தக் குழந்தையும் வாங்கி விளையாடாத ஒரு பொம்மை! சேகரிப்பவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லையென்றால் இந்தச் சரித்திரத்தில் பாதி காயலான் கடைக்குப் போயிருக்கும். ஆனால் பிரிக்காத பெட்டிக்கு ஏன் இவ்வளவு விலை என்று யோசியுங்கள். மற்ற எல்லாக் குழந்தைகளும் பெட்டியைக் கிழித்து, ஒட்டி, பறக்கவிட்டு, உடைத்துத் தீர்த்ததால்தான். விளையாடித் தீர்த்தவர்கள் சம்பாதித்துக் கொடுத்த விலை அது.

ஒரு எஞ்சினீயராகச் சொன்னால், கிட்டின் அசல் அந்தப் பெட்டியில் இல்லை, எஃகு அச்சில் இருக்கிறது. 2006-ல் ஏர்ஃபிக்ஸை வைத்திருந்த ஹம்ப்ரால் கம்பெனி நொடித்தது. அச்சுகள் பிரான்ஸில் ஒரு தொழிற்சாலையில் கிடந்தன. ஹார்ன்பி கம்பெனி 26 லட்சம் பவுண்டுக்கு வாங்கியதால் அவை பிழைத்தன. அச்சு பிழைத்தால் பொம்மை எந்தத் தலைமுறைக்கும் மறுபடி பிறக்கலாம். சந்திரப் பயணத்தின் 50-ஆம் ஆண்டான 2019-ல் ரெவெல் தன் பழைய சாட்டர்னை மறுபடி வெளியிட்டது. அதற்கு முன் 2017-ல் லெகோ ஒரு மீட்டர் உயர சாட்டர்ன் செட் கொண்டு வந்தது. அதில் எண்ணி 1969 துண்டுகள்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் மாடல் வரைவது ஜோரான வேலைதான், நானும் அதில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் இரண்டு பாகம் பொருந்தாமல் அரை மில்லிமீட்டர் இடிக்கும்போது, அரத்தை எடுத்து ராவுகிற விரலுக்குத் தெரிவது திரைக்குத் தெரியாது. விடுமுறையில் ஒரே ஒரு கிட் வாங்கி, முதல் பாகத்திலிருந்து கடைசி வரை ஒட்டிப் பாருங்கள்.

சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது, வீட்டில் கிடக்கிற பழைய பொம்மையோ, பாதியில் நின்ற கிட்டோ இருந்தால் எடுத்து வாருங்கள். வொர்க்‌ஷாப்பில் ஒரு மேஜை போட்டு வைப்போம். உடைந்திருந்தாலும் பரவாயில்லை, பசை நான் கொண்டு வருகிறேன்.