ஏரிக்கரைச் சௌனா

பின்லாந்தில் ஏரியை ஒட்டி மரத்தால் கட்டப்படும் வெப்பக் குளியல் குடில். உள்ளே உட்கார்ந்து வியர்த்துவிட்டு ஏரியில் இறங்கிக் குளிர்வதும், மறுபடி உள்ளே போய்ச் சூடேற்றிக்கொள்வதும் குளியல் முறை. சுமார் 55 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் ஏறத்தாழ 30 லட்சம் சௌனாக்கள் உள்ளன. அடுக்குமாடி வீடுகளிலும் நாடாளுமன்றக் கட்டடத்திலும்கூட உண்டு. அவற்றில் பல மின்சார அடுப்பில் இயங்குபவை. ஆனாலும் நீர்க்கரையில் விறகு மூட்டிய சௌனாவுக்கே அங்கு மதிப்பு அதிகம்.

குடிலின் மூலையில் உள்ள அடுப்பின் மேல் கற்கள் அடுக்கப்பட்டிருக்கும். மேல் பலகையில் வெப்பம் 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை இருக்கும். காற்று வறண்டிருப்பதால்தான் உடம்பு அதைத் தாங்குகிறது. அகப்பையால் தண்ணீரை மொண்டு கல்லில் ஊற்றினால் எழும் ஆவிக்கு ‘லொய்லு’ என்று பெயர். குளியலின் உயிரே அதுதான். ஆவி கூரையில் மோதி, காதுமடல் சுடத் தோளில் இறங்கும்; உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்தித் தலையைக் குனிந்துகொள்வார்கள். கல் நன்றாகக் காயாமல் ஊற்றினால் கனமான, புழுக்கமான ஆவிதான் கிடைக்கும். கோடையின் நடுவில் ஒடித்துக் கட்டிய பிர்ச் இலைக்கொத்தை நனைத்து முதுகிலும் தோளிலும் அடித்துக்கொள்வதும் உண்டு. அந்தக் கொத்து நாட்டின் மேற்கில் ‘விஹ்தா’, கிழக்கில் ‘வஸ்தா’.

பழைய வகை புகைச் சௌனா. இதற்குப் புகைபோக்கி கிடையாது. பல மணி நேரம் விறகெரித்து, தீ அணைந்து புகை வெளியேறிய பிறகே உள்ளே போகலாம். சுவரில் சாய்ந்தால் முதுகில் கரி ஒட்டும். சூடு மட்டும் மற்ற வகைகளைவிட இதமானது.

குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியை வெட்டித் திறப்பு ஒன்று அமைக்கிறார்கள். இதன் பெயர் ‘அவந்தோ’. அது மீண்டும் உறையாதிருக்கப் பொதுக் குளியலிடங்களில் பம்பு வைத்து நீரை அசைத்துக்கொண்டே இருப்பார்கள். திறப்பின் மேல்நீர் பூச்சியப் பாகையை ஒட்டியே இருக்கும். உறைந்த பலகையில் ஈரக்கால் ஒட்டாதிருக்கக் கம்பளிக் காலுறையோ ரப்பர்ச் செருப்போ போட்டு, குல்லாயைக் கழற்றாமல், ஏணிக் கைப்பிடியைப் பிடித்துக் கழுத்தளவு இறங்குவது வழக்கம். நாலைந்து முறை கைவீசி நீந்திவிட்டு ஏறிவிடுவார்கள்.

இறங்கியதும் மூச்சு திக்கென்று அடைத்து, பிறகு தாறுமாறாக வாங்கும். தோல் திடீரெனக் குளிர்வதால் உடம்பு தன்னிச்சையாகச் செய்வது இது. அந்தக் கணத்தில் முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீரை உள்ளிழுக்க நேரும். தலைகீழாகக் குதிக்கக் கூடாது என்பது இதனால்தான். மெதுவாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தால் சில நிமிடங்களுக்குள் சீராகிவிடும். ஏறி நின்றதும் தோல் சிவந்து குறுகுறுக்கும். உறைபனியிலும் உடம்பிலிருந்து ஆவி பறக்கும்.

முற்காலத்தில் பிரசவம் பார்த்ததும் இறந்தவரைக் குளிப்பாட்டியதும் சௌனாவில்தான். 1960-இல் அதிபர் கெக்கோனன் சோவியத் தலைவர் குருஷ்சேவைத் தம் சௌனாவில் விடியும்வரை உட்காரவைத்துப் பேசினார். 2020-இல் யுனெஸ்கோ இம்மரபைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதைப் பந்தயமாக்கிய கூத்தும் நடந்தது. ஹெய்னோலா நகரில் 1999 முதல் நடந்த ‘உலகப் போட்டி’, 2010-இல் இறுதிச் சுற்றில் ஒருவர் இறந்ததோடு முடிவுக்கு வந்தது.

வாரத்தில் 4 முதல் 7 முறை சௌனா சென்றவர்களுக்குத் திடீர் இதயச் சாவு குறைவு என்று, குவோபியோ வட்டாரத்தில் 2,315 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-இல் தெரிவித்தது. சூடுதான் காரணம் என்று அது நிறுவவில்லை; பனிநீர்க் குளியலைப் பற்றியதும் அல்ல. இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பனிநீரில் இறங்கக் கூடாது. மது அருந்திவிட்டும் துணையில்லாமலும் யாருமே இறங்கக் கூடாது. முதல் முறை போகிறவர்கள் ஜூலையில் போகலாம்; அப்போது ஏரியின் மேல்நீர் 20 பாகையை ஒட்டியிருக்கும்.