குருமாணவர் வழிகாட்டலும் உளவள ஆலோசனையும்

குருமாணவர் வழிகாட்டல் என்பது கத்தோலிக்கத் திருச்சபையில் அருள்பணியாளராகப் பயிற்சி பெறுவோருக்குக் கிடைக்கும் ஆன்மிக, உளவியல் துணையைக் குறிக்கும். ஆன்ம இயக்குநருடன் உரையாடல், ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்), ஆண்டுத் தியானம், குருமட அதிபருடன் தனிச் சந்திப்பு, உளவள ஆலோசனை ஆகியவை இதன் கூறுகள். மாணவர் தம் அழைத்தலைத் தெளிந்து தேரவும், அது தமக்குரியதன்று என உணர்ந்தால் மனவடுவின்றி வேறு வாழ்வைத் தெரிந்துகொள்ளவும் உதவுவதே இதன் நோக்கம். சீர்திருத்த சபைகளின் இறையியல் கல்லூரிகளிலும் இதற்கு இணையான ஏற்பாடுகள் உள்ளன.

வரலாறு

ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருக்களைப் பயிற்றுவிக்கும் இல்லமான குருமடம் அமைய வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563 ஜூலை 15 அன்று ஆணையிட்டது. மாணவருக்குக் குறைந்தது 12 வயது ஆகியிருக்க வேண்டும், ஏழைகளின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர வேண்டும், மாணவர் மாதம் ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பவை அதன் விதிகளுள் சில. மாணவரின் அகவாழ்வைக் கவனிக்கும் பொறுப்பு இவ்வாறு தொடக்கத்திலேயே குருமடத்தின் கடமையாயிற்று.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட குருத்துவப் பயிற்சி பற்றிய ஆணை, உளவியல், கல்வியியல் ஆகியவற்றின் நம்பகமான முடிவுகளைப் பயிற்சியில் பயன்படுத்தச் சொன்னது. 1971-இல் இயேசு சபை உளவியலர் லூய்ஜி ரூல்லா உரோமை கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் உளவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். மாணவர் மனமறிந்து ஏற்கும் இலட்சியங்களுக்கும் அவரே அறியாத ஆழ்மனத் தேவைகளுக்கும் இடையிலான முரண்களை அவர் ஆராய்ந்தார். பக்தியும் நல்லெண்ணமும் மட்டும் இம்முரண்களைத் தீர்த்துவிடுவதில்லை என்பதை அவருடைய ஆய்வுகள் உணர்த்தின.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் வெளியிட்ட மடல், மனிதப் பயிற்சி, ஆன்மிகப் பயிற்சி, அறிவுப் பயிற்சி, மேய்ப்புப்பணிப் பயிற்சி என நான்கு கூறுகளை வகுத்து, மனிதப் பயிற்சியே மற்றவற்றுக்கு அடித்தளம் என்றது. 2016 டிசம்பர் 8 அன்று வெளியான உலகளாவிய பயிற்சி நெறிமுறை, மாணவருடன் தனியாகவும் குழுவாகவும் உடன்பயணிப்பதைப் பயிற்சியாளர்களின் இன்றியமையாத பணியாகக் கூறுகிறது.

அகத்தளமும் புறத்தளமும்

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு பிரிவினையின் மேல் நிற்கிறது. அதிபரும் பேராசிரியர்களும் புறத்தளத்தைச் சார்ந்தவர்கள். மாணவரின் நடத்தை, படிப்பு, பிறரோடு பழகும் விதம் ஆகியவற்றைப் பார்த்து மதிப்பிட்டு, அவரது தகுதி குறித்து ஆயருக்கு அறிக்கை தருவார்கள். ஆன்ம இயக்குநரும் ஒப்புரவுக் குருவும் அகத்தளத்தைச் சார்ந்தவர்கள். அவர்களிடம் மாணவர் சொல்வது மதிப்பீட்டுக்குள் வருவதில்லை.

1983-ஆம் ஆண்டின் இலத்தீன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாக வரையறுக்கிறது. ஒவ்வொரு குருமடத்திலும் ஆன்ம இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆயர் இப்பணிக்கென நியமித்த பிற குருக்களையும் மாணவர் அணுகலாம் (எண் 239). வழக்கமான ஒப்புரவுக் குருக்களைத் தவிர வேறு குருக்களும் தவறாமல் வந்துபோக வேண்டும். ஒருவரைத் திருநிலைப்படுத்துவதா, வெளியே அனுப்புவதா என முடிவெடுக்கும்போது ஆன்ம இயக்குநரிடமோ ஒப்புரவுக் குருக்களிடமோ கருத்துக் கேட்கவே கூடாது (எண் 240). மாணவரே தாமாக முன்வந்து கேட்டாலன்றி, அதிபர் தம் இல்ல மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பதில்லை (எண் 985).

உளவியல் வல்லுநரின் பங்கு

கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 2008-இல் உளவியல் பயன்பாட்டுக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. உளவியல் ஆய்வுக்கு மாணவரின் வெளிப்படையான, விவரமறிந்த, சுதந்திரமான ஒப்புதல் தேவை. அவர் மறுத்தால் வற்புறுத்தக் கூடாது; தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றைக் கொண்டே பயிற்சியாளர்கள் முடிவுக்கு வர வேண்டும். பயிற்சியாளர்கள் தாங்களே உளவியல் சிகிச்சை முறைகளைக் கையாளக் கூடாது. வல்லுநர் ஆன்ம இயக்குநரின் இடத்தை எடுத்துக்கொள்வதும் இல்லை.

உளவள ஆலோசகரின் இரகசியக் காப்புக்கு எல்லை உண்டு. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால், இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்.

சீர்திருத்த சபைகளில்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் 1925-இல் ஆன்டன் பாய்சன் என்னும் போதகர் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடையே பணியாற்ற வைத்தார். அவரே மனநோயால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் இருந்து மீண்டவர். துன்புறும் மனிதரை நூல்களைப் போலக் கூர்ந்து படிக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. மருத்துவமனை மேய்ப்புப்பணிப் பயிற்சி இதிலிருந்து வளர்ந்தது. மாணவர் நோயாளியுடன் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வந்து, மேற்பார்வையாளருடனும் சக மாணவர்களுடனும் அலசுவார். நோயாளியின் துயரத்தோடு தம் அச்சமும் கோபமும் அவருக்கு அங்கே புலப்படும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இத்தகைய பயிற்சி நடைபெறுகிறது.

தமிழ்ச் சூழல்

திருச்சி தூய பவுல் குருமடம், பூவிருந்தவல்லி திரு இருதய குருமடம் போன்றவை தமிழகக் கத்தோலிக்க மாணவர்களைப் பயிற்றுவிக்கின்றன. மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி சீர்திருத்த சபைகளுக்குரியது.

சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர் பலருக்கு ஆங்கிலவழிப் படிப்பு முதல் சுமையாகிறது. சாதிப் பாகுபாடு தரும் காயம், வீட்டின் வறுமை, தனிமை ஆகியவையும் ஆலோசனைக்கு வரும் சிக்கல்கள். மகன் சாமியாராவான் என்று ஊரே எதிர்பார்த்திருக்கும்போது, பாதியில் வெளியேறுவதை அவமானமாகக் கருதும் மனநிலை இன்னும் மாறவில்லை. எனவே வெளியேறுபவருக்கும் அவர் பெற்றோருக்கும் துணை நிற்பது வழிகாட்டலின் பகுதியாகவே கொள்ளப்பட வேண்டும். சீர்திருத்த சபை மாணவருள் மணமானவர்களும் இருப்பதால், அங்கே குடும்பத்துக்கான ஆலோசனையும் சேர்கிறது.

மதிப்பீடு

ஆள் பற்றாக்குறையால் ஒரே குரு பாடம் நடத்துபவராகவும் மதிப்பிடுபவராகவும் மாணவர் மனம் திறந்து பேச வேண்டியவராகவும் ஆகும்போது இந்த ஏற்பாடு தளர்கிறது. தாம் சொல்வது தமக்கு எதிராகத் திரும்பும் என்று அஞ்சும் மாணவர் மௌனமாகிவிடுவார். தீராத சிக்கல் அவரோடு பங்குக்குப் போகும், அதன் விளைவை இறைமக்கள் சுமப்பார்கள். அச்சமின்றிப் பேச ஓர் ஆளையாவது ஒவ்வொரு மாணவருக்கும் உறுதி செய்வது ஆயர்களும் அதிபர்களும் தவிர்க்கக் கூடாத கடமை.